ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பள்ளிக்கூடம் கைமாறும். பகலெல்லாம் பிள்ளைகள் கத்தித் தீர்த்த அறைகளில், அவர்களைப் பெற்றவர்கள் வயதுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். பேக்கரியில் மாவு பிசைகிறவர், பஸ் ஓட்டுகிறவர், தையல்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறவர்கள். குட்டி பெஞ்சுக்குள் முழங்காலை மடக்கி நுழைத்துக்கொண்டு, சின்ன வயதில் விட்டுப்போன பத்தாம் வகுப்பை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். அவர்களை வரவழைப்பதும், நேரத்துக்கு உட்காரவைப்பதும், யார் வந்தார் யார் வரவில்லை என்று கணக்கு வைப்பதும் ஒருத்தியின் வேலை. அவள் டீச்சர் இல்லை. ஆறரைக்கு மணியடிப்பவள் என்பதால் மணியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற கிளார்க்குக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மணியக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. அம்மா போய்ச் சேர்ந்தபோது வரன்களும் நின்றுபோயிருந்தன. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்த வேலைக்கு வருமுன் ஒரு துணி ஆலையின் டைம் ஆபீஸில் இருந்தாள். அங்கே ஒரு நிமிஷம் பிந்தினாலும் அட்டையில் சிவப்பு விழும். ஆலையை மூடியபிறகு அதே கண்டிப்பை அப்படியே தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். மணியடித்துப் பத்து நிமிஷத்தில் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவாள். முதல் மாதம் முடிவதற்குள் வகுப்பு பாதியாகக் கரைந்துவிட்டது.

பள்ளியின் பொறுப்பில் இருந்த பெரிய டீச்சர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஆலையில கதவைச் சாத்தினா, சம்பளம் போயிடுமேன்னு மறுநாள் விழுந்தடிச்சு ஓடி வருவாங்க. இங்க சாத்தினா, அப்பாடா விட்டது தொல்லைன்னு போயிடுவாங்க. இவங்களை யாரும் கட்டிப்போடல மணி. நாமதான் இழுத்துப் பிடிக்கணும்.”

அன்றைக்கு மணியக்காவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாளே தையல்காரி வாசல்வரைக்கும் வந்து, தாழைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“கதவைத் தட்டியிருக்கலாமில்ல? ஏன் திரும்பிட்டே?”

“தட்டினா நீங்க திறப்பீங்கக்கா. அப்புறம் எல்லார் மூஞ்சிக்கு முன்னாடியும் நடந்துபோய் உட்காரணும். பாடம் நின்னுபோகும். அத்தனை பேரும் என்னையே பாப்பாங்க. இந்த வயசுல எனக்கு எதுக்கு அந்த வெக்கம்?”

அந்த வாரமே மணியக்கா வாட்ச்மேனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கரும்பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். பெஞ்சுகளையும் திருப்பிப் போட்டாள். இப்போது கதவு எல்லாருடைய முதுகுக்கும் பின்னால் இருந்தது. பிந்தி வருகிறவர் பூனை மாதிரி நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கணக்கு சார் ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. தாழ் போடுவது நின்றது. வராதவர்களுக்கு மறுநாள் மத்தியானம் போன் போகும். எடுத்த எடுப்பில் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டாள். உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று சுற்றி வளைத்துத்தான் வருவாள். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிட்டாள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிக்க வேண்டும். போனவர்களில் பலபேர் திரும்பி வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார்.

ஊரில் இருந்த உயரமான கட்டடங்களில் பாதிக்கு அவர்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. ஆனால் அவரிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களெல்லாம் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இவர் மட்டும் எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டார். முதல் நாளே பாடம் பாதி முடிந்தபிறகுதான் வந்தார். வாசலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மணியக்காவைக் குனிந்து கூப்பிட்டார்.

“ஏங்க… உள்ள போகலாமா? ஒருத்தர் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. அவரை வெளிய எடுத்துட்டு வர நேரமாயிடுச்சு.”

வகுப்பு மொத்தமும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்கள்கூட. இவர் ஒருத்தர்தான் ‘ஏங்க’ என்றார். வீட்டில் அண்ணி அண்ணனைக் கூப்பிடுகிற தினுசில் அது காதில் விழுந்ததும் மணியக்காவுக்குக் கன்னம் சுட்டது. தலையை ஆட்டி உள்ளே அனுப்பிவிட்டு, வெகுநேரம் வெறும் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தினமும் பிந்தித்தான் வந்தார். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் பள்ளிக்கூட நேரம் பார்த்து மாட்டிக்கொள்வதில்லையே. கடைசி பெஞ்சின் ஓரம் அவருடைய இடமாயிற்று. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் மணியக்காவின் ஸ்டூல். உட்கார்ந்ததும் குரலை இறக்கி, “எவ்வளவு போச்சு?” என்பார். அவள் பேசாமல் அவருடைய புத்தகத்தைத் திருப்பி, பாடம் ஓடுகிற வரியில் விரலை வைத்துக் காட்டுவாள். அவ்வளவுதான் அவர்களுக்குள். ஆனால் தெருமுனையில் பைக் திரும்பும்போதே அது அவருடையதா வேறு யாருடையதா என்று அவள் காதுக்குத் தெரிய ஆரம்பித்தது. பைக் வராத நாளில் அவள் மனசு எதிலும் ஒட்டாது. மறுநாள் மத்தியானம் போன் பண்ணும்போது மற்றவர்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவருக்குப் போடுவாள், நடுவில் அவசரப்பட்டு வைக்க வேண்டியிருக்காதே என்று.

ஒரு வாரம் அவர் வரவே இல்லை. போனையும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அவருக்குக் கூட்டாளி பேக்கரிக்காரர். அவரைப் பிடித்து விசாரித்தாள்.

“அவங்கப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாருக்கா. இடுப்பெலும்பு போச்சு. ஏற்கெனவே பெரியவருக்கு ஞாபகம் வேற சரியில்லை. மனுஷன் வேலைக்கும் வீட்டுக்குமா அல்லாடுறாரு.”

வராதவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பது அவள் வேலையில் சேர்ந்ததுதான். இருந்தாலும் அன்றைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் இரண்டு தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

வீடு மூன்றாவது மாடியில். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைக்கிறவர் வீட்டுக்குப் படிக்கட்டுதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, மூச்சு வாங்க ஏறினாள். கதவைத் திறந்தவருக்குத் தாடி மண்டியிருந்தது. உள்ளே ஒரே அறை. கட்டிலில் பெரியவர். பக்கத்தில் அடுப்பு, மூலையில் கருவிப் பை, துவைக்காத துணிகள். பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க மகன் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். பெரியவர் வலியில் கத்தினார்.

“தூக்காதீங்க,” என்றாள் மணியக்கா. “அடியில இருக்கிற போர்வையோட ஓரத்தைச் சுருட்டுங்க. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம். போர்வையை இழுத்தா அவரும் சேர்ந்து திரும்பிடுவாரு.”

பெரியவர் சத்தமில்லாமல் திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எப்ப வந்தே?” என்றார், ரொம்ப நாள் பழகியவளைக் கேட்கிற மாதிரி.

“இப்பதான்ப்பா வந்தேன்,” என்றாள். அவளையறியாமல் அந்த ‘அப்பா’ வந்துவிட்டது.

லிஃப்ட்காரர் அடுப்படியில் நின்றபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: “பள்ளிக்கூடத்தை விட்டுடலாம்னு இருக்கேங்க. எனக்கு அது கொடுத்துவைக்கல.”

“விடுறதா இருந்தா பரீட்சையை எழுதிட்டு விடுங்க. யாரு வேண்டாங்கறா?”

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. கீழ்வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசினாள். சாயங்காலத்திலிருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள அந்த அம்மா சம்மதித்தாள். வாரத்தில் இரண்டு நாள் தையல்காரியின் அக்கா வந்து உட்கார ஏற்பாடாயிற்று.

அவர் மறுபடி வகுப்புக்கு வந்தார். ஆனால் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. முக்கால்வாசி நாளாவது வந்திருந்தால்தான் பரீட்சைக்கு அனுப்புவார்கள். அவருக்கு எவ்வளவோ குறைந்தது. வேறு நாலைந்து பேருக்கும் குறைவு. பெரிய டீச்சர் இரக்கப்பட்டார்.

“பாவம், வந்ததா போட்டுடேன் மணி. யார் பாக்கப் போறா?”

“வேண்டாம் மேடம். வராதவங்களை வந்தாங்கன்னு போட்டா, மழையில நனைஞ்சுகிட்டு வந்தவங்களுக்கு என்ன மரியாதை? ஞாயித்துக்கிழமை காலையில வகுப்பு வைப்போம். விட்ட பாடத்தை உட்கார்ந்து படிக்கட்டும். அதை வருகையில சேர்த்துக்கலாம், சட்டப்படி சரிதான்.”

“ஞாயித்துக்கிழமை யாரு வந்து திறப்பா?”

“நான் திறக்கறேன்.”

அவள் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்துக்குள் தன்னுடைய ஆசை எவ்வளவு, பள்ளிக்கூடத்தின் அக்கறை எவ்வளவு என்று அவளையே கேட்டிருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டடம் வேறு மாதிரி இருந்தது. தெருவில் வண்டி இல்லை. காலை வெயில் பெஞ்சுகள்மேல் சரிந்து கிடக்கும். முதலில் ஐந்தாறு பேர் வந்தார்கள். குறைந்தது நிரம்பிய பிறகு ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை யார்தான் விடுவார்கள்? கடைசியில் லிஃப்ட்காரர் மட்டும் மிச்சம். கணக்கு சார் நாலு கணக்கைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவார். லிஃப்ட்காரர் கணக்குப் போடுவார். அவள் எதிர் பெஞ்சில் இருப்பாள். நடுவில் பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரை இரண்டு மூடியில் ஊற்றுவாள்.

பேச்சு மெல்ல மெல்ல நீண்டது.

“உள்ள மாட்டிக்கிட்டவங்க ரொம்பப் பயப்படுவாங்களா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கதவு திறக்கிற வரைக்கும் வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணுங்க. பேச்சு நின்னா அழுதுடுவாங்க. இருட்டுல என்னென்னவோ சொல்லுவாங்க. பொண்டாட்டிகூட சண்டை, பையன் சரியில்லை, தூக்கம் வரல… எல்லாத்தையும் கொட்டிடுவாங்க. கதவு திறந்ததும் என் மூஞ்சியைக்கூட பாக்காம விறுவிறுன்னு போயிடுவாங்க.”

“உங்களுக்கு வருத்தமா இருக்காதா?”

“முன்னெல்லாம் இல்லை,” என்றார். கணக்கைப் பார்த்தபடியே, “இப்ப கொஞ்சம் இருக்கு. யார்கிட்டயாவது நாமளும் பேசிப் பழகிட்டா அப்படித்தான் போல,” என்றார்.

அவள் மூடியில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. அப்படியும் மெதுவாகத்தான் குடித்தாள்.

அண்ணிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. “வாரமெல்லாம் கசங்கின துணியோட போறவளுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் இஸ்திரியா? அந்தப் பள்ளிக்கூடத்துல அன்னைக்கு யாராவது போட்டோ எடுக்குறாங்களா?” அண்ணன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மணியக்கா படியிறங்கினாள்.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, வருகைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாளைக்கு வந்தால் அவருக்குச் சரியாகிவிடும். மறுபடி கூட்டினாள். எங்காவது ஒரு நாளைத் தப்பாகச் சேர்த்திருக்கமாட்டோமா என்று தேடினாள். தப்பே இல்லை. எத்தனை பேருடைய வருகையை நிரப்பப் போன் போட்டிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள்! இந்த ஒருவருடையது மட்டும் நிரம்பாமல் இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் கணக்குகள் முடியும்வரை பொறுத்திருந்து சொன்னாள்.

“இன்னையோட உங்களுக்கு வருகை சரியாயிடுச்சு. அடுத்த வாரத்துலேருந்து ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “தப்பாக் கூட்டியிருக்கப் போறீங்க. இன்னொரு தரம் பாருங்களேன்.”

“பார்த்துட்டேன்.”

“அப்படியா.” பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “அப்ப சரி,” என்றார்.

எழுந்து போனவர், யாரும் கேட்காமலே கரும்பலகையைத் துடைத்தார். ஓரம் மூலை விடாமல், ஈரத்துணி போட்டு, மெதுவாக. அதைத் துடைத்து முடிக்க அவ்வளவு நேரம் ஆக வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதை அவர் சொல்வார் என்று இவள் காத்திருந்தாள். அவரும் ஒருவேளை இவள் சொல்வாள் என்றுதான் துடைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. பக்கத்து அறையிலிருந்து கணக்கு சார் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அதோடு முடிந்தது.

லிஃப்ட்காரர் பரீட்சை எழுதினார். பாஸானார். வகுப்பே கைதட்டியது. அந்த வாரமே வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று சாயங்காலம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மணியடிப்பதற்கு வெகுமுன்னால் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

மணியக்கா அங்கே இல்லை. தையல்காரி ஒரு வாரமாக வரவில்லையே என்று அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே தையல்காரியின் மாமியார் பிடிகொடுக்காமல் பேச, அவளைச் சரிக்கட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது. அன்றைக்கு மணியைக்கூட வாட்ச்மேன்தான் அடித்தார்.

“லிஃப்ட்காரரு வந்திருந்தாரு மணி,” என்றார் வாட்ச்மேன். “ரொம்ப நேரம் நின்னாரு. அப்பாவை வேன்ல ஏத்தி உட்காரவச்சிட்டு வந்திருக்கேன்னாரு. அந்த வேன்காரன் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தான். சும்மா நிக்கிறதுக்கு, இந்தக் கதவெல்லாம் கீச்சுகீச்சுங்குதேன்னு பையிலேருந்து எண்ணெயை எடுத்து ஒவ்வொண்ணுக்கா போட்டாரு. அப்புறமா போயிட்டாரு.”

“ஏதாவது சொன்னாரா?”

“போயிட்டு வரேன்னு சொல்லத்தான் வந்தேன்னாரு.”

மணியக்கா வகுப்புக் கதவைத் தள்ளினாள். சத்தமே இல்லாமல் திறந்தது. சாத்தினாள். மறுபடி திறந்தாள். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு வந்த மாதங்கள் ஒரே மாதிரி போயின. மத்தியானத்தில் போனை எடுத்து வராதவர்களையெல்லாம் விசாரிப்பாள். எல்லாரையும் முடித்தபிறகும் போன் கையிலேயே இருக்கும். அவருடைய நம்பர் மனப்பாடம். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவர்தான் பாஸாகிவிட்டாரே. வராதவர்களில் அவர் இல்லை. வருகிறவர்களிலும் இல்லை. சாயங்காலம் தெருமுனையில் பைக் திரும்பும். வேறு யாருடையதோ என்று காது சொல்லும். கழுத்து மட்டும் கேட்காமல் திரும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணிக்கு வீட்டு வேலையில் கூடமாட உதவினாள். இஸ்திரியைப் பற்றி அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் அசல் சான்றிதழ்கள் வந்தன. பேக்கரிக்காரர் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். ஒன்று மட்டும் வாங்க ஆளில்லாமல் மேஜைமேல் இருந்தது. மணியக்காவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. போன் போட்டாள்.

“நான்… பள்ளிக்கூடத்துலேருந்து பேசறேன்.”

“ஏங்க…” என்றது அந்தப் பக்கத்துக் குரல். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“அசல் சான்றிதழ் வந்திருக்கு. நேர்ல வந்து வாங்கிக்கணும்.”

“அப்பாவை விட்டுட்டு ஒருநாள்கூட நகர முடியலீங்களே.”

தபாலில் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிடப் போகிறாரோ என்று பயந்தாள். சொல்லிவிட்டால் அதோடு சரி. மறுபடி போன் போட வேறு ஒரு காரணமும் கிடைக்காது.

“தபால்ல வேண்டாங்க,” என்றார் அவர். “தொலைஞ்சாலும் தொலைஞ்சிடும். அப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அந்தப் பொண்ணு எப்ப வரும்னு. என் பேரே மறந்துபோச்சு அவருக்கு, உங்களைக் கேக்குறாரு.” நிறுத்தினார். “அவர் மட்டும் கேக்கலீங்க.”

மணியக்கா “சரி,” என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகு இன்னொரு தடவை, “சரி,” என்றாள், காலி அறையைப் பார்த்து.

பெரிய டீச்சரிடம் போய் நின்றாள்.

“சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்கணுமா? போஸ்ட்ல போட்டா ரெண்டு நாள்ல போயிடுமே மணி.”

“அசல் மேடம். நடுவுல எங்கயாவது போயிடுச்சுன்னா?”

பெரிய டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவள் லீவு கேட்டு அவர் பார்த்ததில்லை. “எத்தனை நாள் வேணும்?”

“தெரியல மேடம்.”

“விடுமுறைதானே வருது. போயிட்டு வா.” கொஞ்சம் யோசித்து, “வந்தா வா,” என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் மாடியறையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாற்றுத் துணி, சீப்பு, அட்டைக்குள் பத்திரமாகச் சான்றிதழ். அண்ணி படியேறி வந்தாள். என்ன ஏது என்று கேட்கப் போகிறாள் என்று மணியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, நல்லதாக நாலைந்து துணியை எடுத்து, மடிப்புக் கலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பைக்குள் அடுக்கினாள்.

“இவ்வளவு எதுக்கு அண்ணி? ஒண்ணு போதும்.”

“இருக்கட்டும்,” என்று அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.”